காப்பர் டி நூல் தெரியவில்லை: "விழுந்துவிட்டது" என்று எழுதும் முன்

மலைப்பாதை20

வணக்கம்ங்க. சேர்வராயன் மலை மேல இருக்கிற ஊர்களில் பிரசவத்தோடேயே காப்பர் டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம், அடியில் நூல் தொங்கும்) போட்ட தாய்மார்கள் ஆறாவது வாரம் செக்கப்புக்கு வரும்போது, ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) போட்டுப் பார்த்தால் பல பேருக்கு நூல் கண்ணில் படுவதில்லை. துணை சுகாதார நிலையத்தில் ஸ்கேன் கிடையாது. "தானா விழுந்திருக்கும், மாதவிலக்கு வந்ததும் வேறொன்னு போட்டுக்கலாம்" என்று அட்டையில் எழுதி முடித்துவிடுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது சரியா?

கீழே சேலத்துக்கு அனுப்பினால், காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் ஒரு நாள் கூலி போகும். அதனால் யாரைக் கட்டாயம் அனுப்பணும், யாரை மேலேயே வைத்துப் பார்க்கலாம் என்று வரிசையாகச் சொன்னால் உதவியா இருக்கும்.

கன்னங்குறிச்சி_ஓஜி

சரியில்லை. விழுந்ததை அந்தப் பெண்ணே கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது எக்ஸ்ரேயில் வயிறு முழுக்கத் தேடியும் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் "விழுந்துவிட்டது" என்று எழுதக் கூடாது. அந்த ஒரு வரியை நம்பி இரண்டாவது காப்பர் டி போட்டு, பல வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் படத்தில் இரண்டு டி தெரிவது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி.

நூல் தெரியாததற்குக் காரணம் நான்குதான். நூல் சுருண்டு உள்ளே ஏறியிருக்கும், இதுதான் மிக அதிகம். இரண்டாவது, உண்மையாகவே வெளியே விழுந்திருக்கும். மூன்றாவது, கர்ப்பம் தரித்து, கர்ப்பப்பை பெரிதாகும்போது நூலும் மேலே இழுபட்டிருக்கும். நான்காவது, கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வெளியே போயிருக்கும். நான்காவது அரிது. ஆயிரம் பேருக்கு ஒருவர் அல்லது இருவர். ஆனால் அரிதான அதைத் தவறவிடுவதற்கு நேர் வழியே இரண்டாவதை ஊகித்துக்கொள்வதுதான்.

அதனால் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. பால் கொடுப்பவருக்கு மாதவிலக்கு வராமலிருப்பதை வைத்துக் கர்ப்பம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. நெகட்டிவ் என்றால் காப்பர் டி எங்கே என்று தெரியும்வரை ஆணுறை கொடுத்து அனுப்புங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். அடுத்தது ஸ்கேன். கர்ப்பப்பைக்குள் சரியாக இருந்தால் வேலை முடிந்தது, நூல் தெரியாமலே அதன் ஆயுள்காலம்வரை இருக்கலாம். ஸ்கேனில் கர்ப்பப்பை காலி என்றால் எக்ஸ்ரே. இந்த வரிசை மாறக் கூடாது.

ஜருகுமலை

டாக்டர் சொன்னதோட ஒரு விஷயம் சேர்க்கிறேன். பிரசவத்தோட போட்டதையும் மற்ற நாளில் போட்டதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாதுங்க.

பிரசவம் ஆகி நஞ்சுக்கொடி விழுந்து 10 நிமிடத்துக்குள்ள, இல்லைன்னா 48 மணி நேரத்துக்குள்ள கெல்லி ஃபோர்செப்ஸில் (நீளமான இடுக்கி) பிடித்து கர்ப்பப்பையின் மேல் உச்சிவரை கொண்டுபோய் வைக்கிறோம். அப்ப நூல் முழுசா உள்ளேயேதான் இருக்கும். கர்ப்பப்பை சுருங்கச் சுருங்க அது கீழே இறங்கி வரணும். சிசேரியனில் வைத்தால் நூலைக் கர்ப்பப்பை வாய்ப் பக்கமாக விட்டுட்டுத் தையல் போடுவாங்க, வாய் வழியா வெளியே இழுத்து விடுறது இல்லை. அந்த நூல் பல பேருக்கு ஆறு வாரத்தில் வராது, மூணு மாசம் கழித்து வரும், சிலருக்கு வரவே வராது. இதுக்கெல்லாம் பதற வேண்டியதில்லை. வலி, காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இல்லை, கர்ப்பப் பரிசோதனையும் நெகட்டிவ் என்றால், அடுத்த ஸ்கேன் நாளுக்கு மற்றவங்களோட சேர்த்து அனுப்பினால் போதும். ஆணுறை மட்டும் கண்டிப்பா.

மற்ற நாளில் போட்டதுன்னா கதை வேற. அங்க நூலை நாமே 3 முதல் 4 செ.மீ. விட்டு வெட்டுறோம். போட்ட அன்னைக்குப் பார்த்த நூல் ஒரு மாசத்தில் காணோம்னா அதைத் தள்ளிப் போட வேண்டாம். அந்த வாரமே அனுப்புங்க. அதிலும் போடும்போதே கடுமையா வலிச்சது, அதுக்கப்புறம் அடிவயிறு விட்டு விட்டு வலிக்குதுன்னு சொன்னால் அன்னைக்கே.

எக்ஸ்ரே_ரூம்

எக்ஸ்ரே எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பெல்விஸ்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். பெல்விஸ் படத்தில் இடுப்புக் கூடு மட்டும்தான் வரும். கர்ப்பப்பையை விட்டு வெளியேறிய காப்பர் டியைக் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை பிடித்துக்கொண்டால் அது தொப்புளுக்கு மேலேகூடப் போய் நிற்கும். "வயிறு முழுதும், உதரவிதானத்திலிருந்து பிறப்புறுப்பு எலும்புவரை, காணாமல் போன காப்பர் டிக்காக" என்று எழுதுங்கள். ஒரே ஃபிலிமில் அடங்காத உயரமானவர்களுக்கு இரண்டு ஃபிலிம். காரணத்தை எழுதாமல் விட்டால் நாங்கள் வழக்கமான வயிற்றுப் படம்தான் எடுப்போம், மேல் ஓரம் வெட்டுப்பட்டுப் போகும்.

பிளாஸ்டிக் எப்படி எக்ஸ்ரேயில் தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்த பாலிதீனில் பேரியம் சல்ஃபேட் கலந்திருக்கிறது, மேலே செம்பு வேறு சுற்றியிருக்கிறது. 380ஏ என்ற வகைக் காப்பர் டி என்றால் 36 மி.மீ. உயரம், 32 மி.மீ. அகலம். தண்டில் கம்பிச்சுருள், இரண்டு கையிலும் ஆளுக்கொரு செம்புக் குழாய். பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஹார்மோன் வளையம் என்று சொல்லும், ஹார்மோன் வெளிவிடும் கருத்தடைச் சாதனத்தில் செம்பு கிடையாது, ஆனால் அதன் சட்டத்திலும் பேரியம் உண்டு, கொஞ்சம் மங்கலாகத் தெரியும்.

ஆனால் எக்ஸ்ரேயில் டி தெரிந்தால் அது கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று எக்ஸ்ரே மட்டும் சொல்லாது. நடுக்கோட்டை விட்டு விலகியோ, தலைகீழாகவோ, படுக்கைவாட்டிலோ இருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவே. நேராக நடுவில் இருந்தாலும் கர்ப்பப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கிடக்கலாம். அதனால்தான் ஸ்கேன் முதலில், எக்ஸ்ரே அப்புறம். ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. கர்ப்பப்பைக்குள் தேட அதைப் போல் நல்லது இல்லை. வெளியே போய்விட்டால் குடல் காற்று மறைத்துவிடும்.

சேலத்துமாம்பழம்

நான் மருத்துவத் துறை இல்லைங்க, மருந்துக் கடை. கடைக்கு வர்ற பெண்கள் "காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிடுமாமே"ன்னு கேட்கறாங்க. துளைத்துட்டு வெளியே போகும்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அது நெஞ்சுக்கும் போகலாமா? என்ன பதில் சொல்றது?

கன்னங்குறிச்சி_ஓஜி

நெஞ்சுக்குப் போகாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். கர்ப்பப்பை சாதாரணமாக மூடிய பை. துளைபட்டாலும் போவது வயிற்றுக் குழிக்குள்தான். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உதரவிதானம் சுவராக நிற்கிறது.

துளைத்தல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பெரும்பாலும் அது போடும் நேரத்திலேயே நடப்பது. கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருப்பதைக் கையால் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் சவுண்டை (கர்ப்பப்பையின் ஆழம் அளக்கும் கம்பி) வழக்கம்போல் முன்பக்கம் வளைத்து விட்டால் முன்சுவரில் குத்தும். முன்பக்கம் மிகவும் மடங்கியிருப்பதைக் கவனிக்காவிட்டால் பின்சுவரில். அதனால்தான் முதலில் இரு கைப் பரிசோதனை, பிறகு வல்செல்லம் என்ற பற்றுக்கருவி கொண்டு கர்ப்பப்பை வாயைப் பிடித்து மெதுவாக இழுத்து வளைவை நேராக்குதல், அதன் பிறகுதான் சவுண்ட். சாதாரணமாக 6 முதல் 9 செ.மீ.யில் உச்சி தட்டும். 10 செ.மீ. தாண்டியும் தட்டாமல் போய்க்கொண்டே இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் காப்பர் டி ஏற்றவே கூடாது.

யாருக்கு அபாயம் கூடுதல்? பால் கொடுக்கும் தாய்க்கு. ஐரோப்பாவில் 61,000 பெண்களுக்கு மேல் தொடர்ந்து கவனித்த யூராஸ் ஆய்வில், பால் கொடுக்கும்போது போட்டவர்களுக்குத் துளைத்தல் ஏறக்குறைய 6 மடங்கு. ஈஸ்ட்ரோஜன் குறைந்து கர்ப்பப்பை சிறுத்து, சுவர் மெலிந்து மிருதுவாக இருப்பது காரணம். இத்தனை மடங்கு ஆன பிறகும் மொத்தக் கணக்கு ஆயிரத்தில் சிலர்தான். பால் கொடுப்பவருக்குப் போடக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை, போடும் கை நிதானமாக இருக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். 48 மணி நேரம் தாண்டியது முதல் ஆறு வாரம்வரை நம் நாட்டுத் திட்டத்தில் போடுவதே இல்லை.

மலைப்பாதை20

நன்றிங்க டாக்டர். போடும்போதே துளைத்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் அந்த நிமிடம் என்ன செய்யணும்?

ஜருகுமலை

முதலில் கையை நிறுத்துங்க. சவுண்ட் போட்டப்பவே தெரிந்தால் சவுண்டை எடுத்துட்டு, காப்பர் டி பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். காப்பர் டி உள்ளே போன பிறகு தெரிந்தால் நூலைப் பிடித்து மெதுவா இழுத்துப் பாருங்க, தடையில்லாமல் வந்தால் எடுத்திடலாம். கொஞ்சம் இழுத்ததுமே தடை தட்டினால் விட்டுடணும். அது குடலையோ கொழுப்புத் திரையையோ பிடித்திருக்கலாம்.

படுக்க வைத்து நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை. வயிறு கட்டியாகிறதா, தோளில் வலிக்குதா, வியர்த்து மயக்கம் வருதான்னு பாருங்க. ஊசி லைன் போட்டுட்டு 108. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், அதனால் "கொஞ்ச நேரம் பார்த்துட்டு அனுப்பலாம்"னு சமவெளிக்காரங்க சொல்ற கணக்கு நமக்கு ஒத்து வராது. நாடி ஏறுதுன்னா உடனே வண்டி ஏத்துங்க.

ஒண்ணு குழப்பிக்காதீங்க. போடும்போது முகம் வெளுத்து, வியர்த்து, நாடி குறைந்து மயங்கினால் அது பெரும்பாலும் கர்ப்பப்பை வாயைத் தொட்டதால் வரும் மயக்கம். காலை உயர்த்திப் படுக்க வைத்தால் சில நிமிடத்தில் சரியாகும், ஆகலைன்னா அட்ரோபின் 0.6 மி.கி. நாடி ஏறி அழுத்தம் இறங்கினால் அது உள்ளே இரத்தக்கசிவு.

மூக்கனேரி

விவாத இழை சூடு பிடித்திருக்கிறது. சிறுநீரகப் பிரிவு பக்கத்திலிருந்து ஒன்று.

சிறுநீர்ப்பைக் கல் பெண்களுக்கு அரிது. குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்குச் சிறுநீர்ப்பையில் கல் என்று ஸ்கேன் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எப்போதாவது காப்பர் டி போட்டீர்களா, அதை எடுத்தது நினைவிருக்கிறதா?" கர்ப்பப்பையின் முன்சுவரும் சிறுநீர்ப்பையின் பின்சுவரும் ஒட்டிக்கொண்டு இருப்பவை. முன்சுவரைத் துளைத்த காப்பர் டி அடுத்து போய் நிற்பது அங்கேதான். உள்ளே நீட்டிக்கொண்ட பகுதியின் மேல் சுண்ணாம்பு உப்பு படிந்து படிந்து கல்லாகும். ஸ்கேனில் வெறும் கல் நிழல்தான் தெரியும், உள்ளே டி இருப்பது தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால் கல்லுக்கு நடுவில் டி வடிவம் தெரிந்துவிடும்.

அறிகுறி என்று பார்த்தால் நீர்க்கடுப்பு, சிறுநீர் கழித்து முடிக்கும்போது சுருக்கென்ற வலி, சில சமயம் இரத்தம், மாதாமாதம் வரும் யூரின் இன்ஃபெக்ஷன். ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஒரு வாரம் அடங்கும், திரும்ப வரும். மருந்துக் கடை நண்பருக்கும் இது உதவும்: ஒரே பெண் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு மாத்திரை கேட்டு வந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள்.

எடுப்பது எப்படி: முழுவதும் சிறுநீர்ப்பைக்குள் வந்துவிட்டதென்றால் சிஸ்டாஸ்கோப் (சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாய்க் கருவி) வழியாகக் கல்லை லேசரிலோ காற்றழுத்தக் கருவியிலோ உடைத்து, டியை ஃபோர்செப்ஸில் பிடித்து எடுத்துவிடலாம். பாதி உள்ளே, பாதி சுவருக்குள் என்றால் இழுக்கக் கூடாது, லேப்ரோஸ்கோப் (வயிற்றில் சிறு துளை வழியாக உள்ளே பார்க்கும் கருவி) துணை வேண்டும். அதனால் அறுவைக்கு முன் சி.டி. எடுத்து எவ்வளவு பகுதி எங்கே என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதன்பின் துளை ஆறும்வரை கதீட்டர்.

எக்ஸ்ரே_ரூம்

குடலுக்குள் போவதையும் சொல்லுங்களேன்.

மூக்கனேரி

அது பெருங்குடல் ஆட்கள் பகுதி, சுருக்கமாகச் சொல்கிறேன். சிக்மாய்டு குடலும் (பெருங்குடலின் கடைசி வளைவு) மலக்குடலும்தான் அதிகம், கர்ப்பப்பைக்குப் பின்னாலேயே இருப்பதால். அடிக்கடி வயிற்றுவலி, பேதி, மலத்தில் இரத்தம் வரலாம், அல்லது ஒன்றுமே இருக்காது. குடல் சுவரில் பாதி பதிந்த நிலையில் யோனி வழியாகத் தெரியும் நூலைப் பலமாக இழுத்தால் குடல் கிழிந்து மலம் வயிற்றுக்குள் கசியும். தடை தட்டிய நூலை விட்டுவிடுங்கள் என்று ஜருகுமலை சிஸ்டர் எழுதியதன் முழு அர்த்தம் இதுதான்.

தாரமங்கலம்_பயிற்சி

ஒரு மாற்றுக் கருத்து. வயிற்றுக்குள் போய்விட்டது, ஆனால் பெண்ணுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அதை எடுக்க மயக்க மருந்து, லேப்ரோஸ்கோபி என்று ஒரு அறுவை செய்வது அதிகப்படி இல்லையா? விட்டுவிடலாம் என்று எழுதியவர்களும் இருக்கிறார்களே.

கன்னங்குறிச்சி_ஓஜி

> விட்டுவிடலாம் என்று எழுதியவர்களும் இருக்கிறார்களே

இருக்கிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு, எந்த வகையாக இருந்தாலும், எங்கே கிடந்தாலும், கண்டுபிடித்தவுடன் எடுத்துவிடுவது. குறிப்பாகச் செம்பு உள்ளதை விட்டுவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். கர்ப்பப்பைக்குள் கருத்தடைக்கு உதவுகிற அதே அழற்சிதான் வயிற்றுக்குள் போனால் திசுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. நாள் ஆக ஆக ஒட்டல் கெட்டியாகும். இன்று அரை மணி நேர லேப்ரோஸ்கோபியில் முடிவது பிறகு வயிற்றைத் திறக்கிற அறுவையாகும். ஹார்மோன் வளையம் குறைவாக ஒட்டும் என்பது உண்மை, ஆனாலும் எடுப்பதே வழக்கம்.

வயதானவர், இதய நோய், மயக்க மருந்து தாங்கமாட்டார் என்று இருந்தால் விட்டுவைத்துக் கவனிப்பது நியாயம். அது அந்த ஒருவருக்கான முடிவு, பொதுவிதி ஆகாது.

தாரமங்கலம்_பயிற்சி

ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று: ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது, நூல் மட்டும் இல்லை, 10 வருடம் முடிந்துவிட்டது, எடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே (பிஎச்சி) ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (இரத்தக்குழாய் பிடிக்கும் இடுக்கி) விட்டுத் துழாவலாமா?

ஜருகுமலை

ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் அதுக்கான கருவியே இல்லைங்க. பல்லும் அகலம், வளைவும் பத்தாது.

கர்ப்பம் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, பாப் ஸ்மியருக்கு (கர்ப்பப்பை வாய்ச் செல் எடுத்துப் பார்க்கும் சோதனை) வைத்திருக்கிற சைட்டோ பிரஷ்ஷைக் கர்ப்பப்பை வாய்க்குள்ள விட்டு மெதுவா சுத்திச் சுத்தி எடுங்க. வாய்க்குழாய்க்குள்ளேயே சுருண்டிருக்கிற நூல் பல சமயம் பிரஷ்ஷில் சிக்கிட்டு வந்திடும். இது வரைக்கும் மேலேயே பண்ணலாம். வரலைன்னா நிறுத்திட்டு அனுப்பிடுங்க. அதுக்கு மேல கர்ப்பப்பை வாயைச் சுத்தி லிக்னோகெய்ன் (மரத்துப்போகும் ஊசி) போட்டு, அலிகேட்டர் ஃபோர்செப்ஸ் (மெல்லிய நீள இடுக்கி) அல்லது ஹூக், முடிந்தால் ஸ்கேன் பார்த்துக்கிட்டே. அதிலும் வரலைன்னா ஹிஸ்டெரோஸ்கோப் (கர்ப்பப்பைக்குள்ளேயே பார்க்கிற கருவி).

கன்னங்குறிச்சி_ஓஜி

எடுத்த பிறகு தட்டில் வைத்து எண்ணுங்கள். ஒரு தண்டு, இரண்டு கை, கையில் இரண்டு செம்புக் குழாய், அடியில் சிறு குமிழ். கர்ப்பப்பைச் சுவரில் கை பதிந்திருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் கை முறிந்து உள்ளே நின்றுவிடும். பல வருடம் இருந்த பிளாஸ்டிக் விறைத்துப்போய் எளிதில் முறியும். வல்செல்லத்தால் கர்ப்பப்பை வாயைப் பிடித்து, வளைவை நேராக்கி, ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு கை குறைகிறது என்றால் எண்ணிக்கையை அட்டையில் எழுதி ஸ்கேனுக்கு அனுப்புங்கள், துழாவாதீர்கள்.

இதன் பக்கத்தில் வரும் இன்னொரு அரிய விஷயம்: கர்ப்பப்பை கீழ்நோக்கித் தள்ளும்போது தண்டின் நுனி கர்ப்பப்பை வாயின் சதையைத் துளைத்து யோனிக்குள் எட்டிப் பார்க்கும். ஸ்பெகுலத்தில் வாய்த் துவாரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் முனை தெரியும். அடியில் 3 மி.மீ. குமிழ் வைத்திருப்பதே இதைக் குறைக்கத்தான். அந்த முனையைப் பிடித்து அந்த ஓட்டை வழியாக வெளியே இழுக்கக் கூடாது. முதலில் மேலே தள்ளிக் கர்ப்பப்பை வாய்க்குழாய்க்குள் கொண்டுபோய், பிறகு சரியான வழியில் எடுக்க வேண்டும்.

மலைப்பாதை20

கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் வந்தால்?

கன்னங்குறிச்சி_ஓஜி

இது தனி இழைக்கே போதுமான விஷயம். அவசியமானதை மட்டும் சொல்கிறேன்.

முதல் கேள்வி கரு எங்கே. காப்பர் டி போட்டவருக்குக் கர்ப்பம் தரிப்பதே அரிது, அதனால் கருக்குழாயில் கரு தங்கும் மொத்த வாய்ப்பும் கருத்தடையே இல்லாதவரைவிடக் குறைவு. ஆனால் மீறித் தரித்துவிட்டால் அது குழாயில் இருக்கும் விகிதம் கூடுதல். நாள் தள்ளிப்போனது, ஒரு பக்க அடிவயிற்று வலி, சொட்டுச் சொட்டாக இரத்தம், மயக்கம் என்று யாராவது சொன்னால் ஸ்கேன் தேதி பார்த்துக் காத்திருக்கக் கூடாது. நேராக மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை பிரசவப் பிரிவுக்கு 108-இல்.

கரு கர்ப்பப்பைக்குள் இருந்து நூலும் தெரிந்தால், முதல் மூன்று மாதத்துக்குள் மெதுவாக இழுத்து எடுத்துவிடுவதே நல்லது, கர்ப்பத்தைத் தொடர விரும்பினாலும். எடுக்கும்போது கரு கலையும் சிறு வாய்ப்பு உண்டு என்பதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். விட்டுவைத்தால் கருச்சிதைவு, கிருமித் தொற்று, குறைமாதப் பிரசவம் மூன்றும் கூடும். 1970களில் அமெரிக்காவில் டால்கன் ஷீல்டு என்ற சாதனத்தோடு கர்ப்பமான பெண்களில் சிலர் கிருமித் தொற்றில் இறந்தார்கள். பல இழை முறுக்கிய அதன் நூல் திரி போலக் கிருமியை மேலே ஏற்றியது. இப்போதைய காப்பர் டியில் இருப்பது ஒற்றை இழை நூல்.

நூல் தெரியவில்லை என்றால் உள்ளே கருவி விடவே கூடாது. காய்ச்சல், நாற்றம் வந்தால் உடனே வரச் சொல்லி, கர்ப்பத்தைக் கவனமாகத் தொடரலாம். பிரசவத்தன்று நஞ்சுக்கொடியிலும் சவ்விலும் தேடுங்கள். அங்கே இல்லையா, குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு எக்ஸ்ரே.

சேலத்துமாம்பழம்

தொற்று பத்தி யாரும் சொல்லலையே. வெள்ளைப்படுதுன்னாலே காப்பர் டியை எடுத்துடச் சொல்றாங்களே எல்லாரும்?

ஜருகுமலை

எல்லா வெள்ளைப்படுதலும் கர்ப்பப்பைத் தொற்று இல்லைங்க. தொற்று அபாயம் போட்ட முதல் 20 நாளில்தான் கூடுதல், அதுக்கப்புறம் மற்ற பெண்கள் அளவுக்குத்தான். போடும்போது கிருமி ஏறுறதுதான் காரணம், காப்பர் டி வருஷக்கணக்கில் இருக்கிறது இல்லை. கையுறை போட்ட கையால்கூட டியைத் தொடாமல், பாக்கெட்டுக்குள்ளேயே டியின் கைகளை மடக்கி இன்சர்டருக்குள் (உள்ளே செலுத்தும் குழாய்) ஏற்றணும்னு சொல்றது இதுக்குத்தான். ஏத்தின பிறகு 5 நிமிடத்துக்கு மேல மடக்கி வைக்காதீங்க, கை விரியாமல் போயிடும், அப்புறம் அதுவே கீழே இறங்கும்.

தொற்றுன்னு உறுதியானாலும் உடனே எடுக்க வேண்டியதில்லை. ஆன்டிபயாடிக் ஆரம்பித்து 48 முதல் 72 மணி நேரத்தில் பார்க்கணும். தேறுதுன்னா காப்பர் டி இருக்கட்டும். தேறலைன்னா எடுத்திடணும், மருந்து தொடரணும்.

தாரமங்கலம்_பயிற்சி

பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் ஆக்டினோமைசஸ் (ஒரு வகைக் கிருமி) என்று வந்தால்?

கன்னங்குறிச்சி_ஓஜி

பெண்ணுக்கு வலி, காய்ச்சல் எதுவும் இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். அந்தக் கிருமி அங்கே குடியிருப்பதற்கும் நோய் தருவதற்கும் வெகுதூரம்.

நோயாக மாறுவது மிக அரிது, ஆனால் மாறினால் ஏமாற்றும். பெரும்பாலும் கெடு தாண்டியும் எடுக்காமல் விட்ட காப்பர் டி. எடை குறையும், இடுப்புக்குள் கட்டி தெரியும், சிறுநீர்க்குழாய் நெரிபட்டுச் சிறுநீரகம் வீங்கும். பார்ப்பவர் எல்லாரும் புற்றுநோய் என்றே நினைப்பார்கள். கர்ப்பப்பை, சூலகம், குடல் என்று பெரிய அறுவைக்கு நாள் குறித்துவிடுவார்கள். அதற்கு முன் திசு எடுத்துப் பார்த்து கந்தகத் துகள் போன்ற மஞ்சள் துகள்கள் தெரிந்தால் வைத்தியமே மாறிவிடும்: காப்பர் டியை எடுத்துவிட்டு, பென்சிலின் பெரிய அளவில் நரம்பு வழியாகச் சில வாரம், பிறகு மாத்திரையாக 6 முதல் 12 மாதம். கட்டி தானாகவே கரையும். இடுப்புக் கட்டி என்று வரும் எந்தப் பெண்ணிடமும் காப்பர் டி உண்டா என்று கேட்காமல் கத்தி எடுக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

மலைப்பாதை20

கடைசியா ஒண்ணு. எஸ்டேட் பாடிகளில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில்) 60, 65 வயசு பாட்டிகள் "அந்தக் காலத்தில் லூப் போட்டாங்க, எடுக்கவே இல்லை" என்கிறார்கள். கர்ப்பம் ஆகப் போறதில்லை. விட்டுடலாமா?

கன்னங்குறிச்சி_ஓஜி

விட வேண்டாம். மாதவிலக்கு நின்ற பிறகு கர்ப்பப்பை சுருங்கும், வாய் அடைத்துக்கொள்ளும். உள்ளே கிடக்கும் பொருள் சுவரில் பதியும், சீழ் சேர்ந்தால் வெளியேற வழி இருக்காது. அடிவயிற்று வலி, நாற்றமுள்ள கசிவு, மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் என்று வந்தால் சீழோடு சேர்த்துப் புற்றுநோயையும் சோதிக்க வேண்டும். இந்தியாவில் 1965 முதல் லிப்பீஸ் லூப் போட்டார்கள். பாம்பு போல் வளைந்த வெறும் பிளாஸ்டிக், செம்பு கிடையாது, அதனால் கெடு தேதியும் கிடையாது. எடுக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வயதில் சற்று இளையவர்கள் என்றால் 200பி என்ற பழைய காப்பர் டி ஆக இருக்கலாம்.

இவர்களுக்கு நூல் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வாய் சுருங்கியிருப்பதால் பிரஷ்கூட நுழையாது. ஒரு ஸ்கேன், கர்ப்பப்பை காலி என்றால் வயிறு முழுக்க எக்ஸ்ரே, பிறகு மயக்கத்தில் ஹிஸ்டெரோஸ்கோப். சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் மேலேயே பார்த்து அட்டையில் எழுதி அனுப்பினால் கீழே இன்னொரு நாள் அலைய வேண்டியிருக்காது.

எக்ஸ்ரே_ரூம்

லூப் தேடும் படமென்றால் சீட்டில் "லூப்" என்றே எழுதுங்கள். டி வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்தால் வளைந்து நெளிந்த கோட்டைக் குடல் நிழல் என்று தாண்டிப் போய்விடுவோம்.